ஹெலிகேம் படத்துக்குச் சத்தம் எங்கிருந்து? ஜூம் எச்1 எசென்ஷியல் ரெக்கார்டர்: தருமபுரி, கிருஷ்ணகிரி வேலைகளுக்கான விமர்சனம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாணம், கோயில் திருவிழா, மாந்தோப்பு, மனை விற்பனை என்று எந்த வீடியோவாக இருந்தாலும் ஹெலிகேம், அதாவது ட்ரோன் கேமராவில் எடுத்த ஷாட் குறைந்தது நாலு வேண்டும் என்று கேட்கிறார்கள். படம் நன்றாகவே வருகிறது. சத்தம்தான் வருவதில்லை. ஒகேனக்கல் அருவி திரை முழுக்க விழுகிறது, அடியில் ஏதோ ஒரு இலவச கிட்டார் இசை ஓடுகிறது. பம்பைக்காரர் கை வேகமாகப் போவது தெரிகிறது, அடி கேட்கவில்லை. பார்க்கிறவருக்கு அந்த இடத்தில் நிற்கிற உணர்வு வராமல் போவது இதனால்தான். இதற்கென்று ஒரு கருவி வாங்கலாமா, எதை வாங்கலாம் என்பதுதான் இந்த விமர்சனம். மையமாக எடுத்துக்கொண்டது ஜூம் நிறுவனத்தின் எச்1 எசென்ஷியல் என்ற சின்ன ரெக்கார்டர். அதோடு ஒப்பிட காலர் மைக், போன் மைக் வழிகளும் உண்டு.

முதலில் ட்ரோனிலேயே மைக்கைக் கட்டலாமா என்ற கேள்வியை முடித்துவிடுவோம், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோரும் கேட்பது அதைத்தான். கடையில் கிடைக்கும் கேமரா ட்ரோன்களில் பெரும்பாலானவற்றுக்கு மைக்கே வைப்பதில்லை. இரண்டு இலை கொண்ட ஒரு ப்ராப், அதாவது ட்ரோனின் சுழலும் இறக்கை, நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றினால், விநாடிக்கு 300 முறை காற்றை வெட்டுகிறது. அந்த 300 ஹெர்ட்ஸோடு 600, 900, 1200 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து வருகின்றன. மனிதக் குரலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நான்கு மோட்டாரும் நான்கு வேகத்தில் ஓடுவதாலும், காற்றுக்கு ஏற்ப வேகம் நொடிக்கு நொடி மாறுவதாலும் ஈக்வலைசரில் (ஒலியின் குறிப்பிட்ட பகுதியை ஏற்றி இறக்கும் கருவி) ஓர் இடத்தை வெட்டி இதை எடுக்க முடியாது. ப்ராப் கீழே தள்ளும் காற்று மைக்கில் மோதும் சத்தம் தனி. எடையும் இடிக்கும்: 249 கிராம் ட்ரோனில் காலர் மைக்கின் 28 கிராம் டிரான்ஸ்மிட்டரை (சட்டையில் மாட்டும், ஒலியை அனுப்பும் சின்னப் பெட்டி) ஒட்டினால் 277 கிராம் ஆகிவிடும். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரைதான் நானோ வகை. அதைத் தாண்டினால் மைக்ரோ வகை, அதற்கு வேறு கட்டுப்பாடுகள். ஆகவே சத்தத்தைத் தரையில்தான் பிடிக்க வேண்டும்.

தரையில் பிடிப்பதென்றால் யார் பிடிப்பது? இங்கே பெரும்பாலும் ட்ரோன் ஓட்டுகிறவர் ஒருவர், கீழே கேமரா பிடிக்கிறவர் ஒருவர், அவ்வளவுதான் குழு. ஓட்டுகிறவர் கண் ட்ரோன் மேலும் திரை மேலும் இருக்கும், கை ரிமோட்டில் இருக்கும். ஒலி அளவைப் பார்த்துத் திருகிக்கொண்டிருக்க ஆளில்லை. எச்1 எசென்ஷியலுக்கு மதிப்பு வருவது இந்த இடத்தில்தான். இது 32 பிட் ஃப்ளோட் முறையில் மட்டுமே பதிவு செய்கிறது; மிக மெல்லிய ஒலியும் மிகப் பெரிய ஒலியும் ஒரே கோப்பில் அடங்கும் முறை அது. லெவல் திருகியே கிடையாது. மெதுவாகப் பேசினாலும், திடீரென்று தவில் எழும்பினாலும் பதிவின் அளவை எடிட்டிங்கில் ஏற்றியோ இறக்கியோ சரிசெய்துகொள்ளலாம். சிவப்புப் பொத்தானை அழுத்தி வைத்துவிட்டு ட்ரோனை ஏற்றப் போகலாம்.

மற்ற விவரங்கள்: முன்பக்கம் குறுக்காக அமைந்த இரண்டு மைக், ஸ்டீரியோ பதிவு. 44.1, 48, 96 கிலோஹெர்ட்ஸ் உண்டு. வீடியோவுக்கு 48 போதும். இரண்டு ஏஏஏ பேட்டரி. அல்கலைன் போட்டால் சுமார் 10 மணி நேரம் என்கிறது நிறுவனம். யூஎஸ்பி சி வழியாகப் பவர் பேங்கிலும் ஓடும். மைக்ரோ எஸ்டி கார்டு. வெளி மைக் அல்லது லைன் செருக ஒரு 3.5 மி.மீ. துளை. 2024இல் வந்தபோது அமெரிக்காவில் சுமார் 100 டாலர். அதே ஆண்டு வந்த டிஜேஐ மைக் 2 என்ற காலர் மைக், இரண்டு டிரான்ஸ்மிட்டர் செட், வந்தபோது 349 டாலர். 

கார்டு கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ் 32 பிட் ஸ்டீரியோ என்றால் விநாடிக்கு 3,84,000 பைட். நிமிடத்துக்கு 23 எம்பி, மணிக்கு 1.4 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. 32 ஜிபி கார்டில் 20 மணி நேரத்துக்கு மேல் தாராளமாகக் கொள்ளும். அதனால் ட்ரோன் இறங்கும்போதெல்லாம் ரெக்கார்டரை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்த பறப்பில் பொத்தானை அழுத்த மறப்பது நிச்சயம் நடக்கும். காலையில் போட்டால் சாயங்காலம் வரை ஓடட்டும்.

இனி வைக்கும் இடம். கருவியைவிட இதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் 6 டெசிபெல் குறைகிறது. ட்ரோன் ரெக்கார்டரிலிருந்து 5 மீட்டரில் இருந்து 40 மீட்டருக்குப் போனால் அதன் இரைச்சல் 18 டெசிபெல் விழுந்துவிடும். எதிர்ப்பக்கமாக, ரெக்கார்டர் பம்பைக்காரரிடமிருந்து 8 மீட்டரில் இருப்பதை 2 மீட்டருக்குக் கொண்டுவந்தால் பம்பை 12 டெசிபெல் ஏறும். இரண்டையும் சேர்த்தால் 30 டெசிபெல் வித்தியாசம். எந்த மென்பொருளும் சுத்தமாகத் தராத அளவு இது. எனவே ரெக்கார்டர் சத்தத்துக்குப் பக்கத்தில், ட்ரோன் தூரத்தில். ட்ரோன் ஏறி இறங்கும் இடத்தை ரெக்கார்டரிலிருந்து குறைந்தது 40 மீட்டர் தள்ளி வையுங்கள். டிஜேஐ ஏர் 3 மாதிரி 70 மி.மீ. இரண்டாவது லென்ஸ் உள்ள ட்ரோன் இருந்தால் அருகே போகாமலே நெருக்கமான காட்சி கிடைக்கும். அது ஒலிக்கும் பெரிய உதவி.

தூரத்தில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் போகிறது. 25 பிரேம் வீடியோவில் ஒரு பிரேம் நேரத்துக்குள் அது 14 மீட்டர் கடக்கும். ரெக்கார்டரை உங்கள் காலடியில் வைத்துக்கொண்டு 100 மீட்டர் தள்ளி ஆடுகிறவர்களைப் பிடித்தால் ஒவ்வொரு அடியும் 7 பிரேம் தாமதமாகக் கேட்கும். தாளம் தவறுவது போலத் தெரியும், காரணம் புரியாது. ரெக்கார்டர் மேளத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இந்தத் தொல்லையே வராது; ட்ரோன் எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தாலும் கையும் அடியும் ஒன்றாக விழும்.

சிங்க் பண்ணுவது, அதாவது படத்தையும் ஒலியையும் நேரம் பொருத்துவது, எப்படி என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கீழே உள்ள கேமராவில் மைக் இருப்பதால் எடிட்டிங் மென்பொருள் இரண்டு அலைவடிவத்தையும் ஒப்பிட்டுத் தானாகச் சேர்த்துவிடும். ட்ரோன் கோப்பில் ஒலியே இல்லாததால் ஒப்பிட ஒன்றுமில்லை. கண்ணால்தான் சேர்க்க வேண்டும். ட்ரோனில் பதிவைத் தொடங்கி, 3 அல்லது 4 மீட்டர் உயரத்தில், ஆள் முழுதாகத் தெரியும்படி நிறுத்துங்கள். உதவியாளர் ரெக்கார்டருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி ஒரே ஒரு தட்டு தட்டட்டும். தட்டிய கை அப்படியே 2 விநாடி ஒட்டியிருக்கட்டும். உடனே பிரித்தால் எந்த பிரேமில் சேர்ந்தது என்று தேட வேண்டியிருக்கும். வெள்ளைத் துண்டு கட்டிய இரண்டு பலகை இருந்தால் இன்னும் தெளிவு. பிறகு பதிவை நிறுத்தாமல் மேலே போங்கள். பேட்டரி மாற்றி ஏறும் ஒவ்வொரு முறையும் புதிய தட்டு வேண்டும். பல ட்ரோன்கள் நீளமான பதிவை 4 ஜிபி துண்டுகளாக வெட்டும். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் ஒரு துண்டு ஐந்தரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். முதல் துண்டை மட்டும் தட்டோடு சேர்த்து, மற்றதை இடைவெளியில்லாமல் பின்னால் ஒட்டினால் போதும்.

ஆனால் ட்ரோன் காட்சிகளில் முக்கால்வாசிக்கு சிங்க் தேவையே இல்லை. 60 மீட்டர் மேலிருந்து பார்க்கும்போது யார் வாயும் தெரியாது. அருவி, கூட்டம், காற்று, பறவை, சந்தை இரைச்சல் எல்லாம் எந்த நிமிடத்தில் பதிவானாலும் பொருந்தும். ஆகவே சிறந்த வழி, ட்ரோன் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ரெக்கார்டரை வைத்து 5 நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் எடுத்துவிடுவது. ட்ரோன் இறங்கிய பிறகு இன்னொரு 5 நிமிடம். அந்த நேரத்தில் குழுவில் யாரும் பேசக்கூடாது, ஸ்டாண்டைத் தொடக்கூடாது. இந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்குகிறவர் வீடியோவும் ஒதுக்காதவர் வீடியோவும் கேட்ட உடனே தெரிந்துவிடும்.

ஒகேனக்கல் இதற்குச் சுலபமான இடம் போலத் தோன்றும். இரைச்சல் பெரிது, ட்ரோன் சத்தம் அதில் கரைந்துவிடும். ஆனால் அருவிக்கு மிக அருகில் வைத்தால் ரெக்கார்டர் தருவது டிவி சிக்னல் போன கரகரப்பு மாதிரி ஒரே சீரான சத்தம்; அருவி என்றே தெரியாது. 30, 40 மீட்டர் தள்ளி, நீர் பாறையில் அடிக்கும் இடமும் ஓடும் இடமும் இரண்டு பக்கமாக விழும்படி வைத்தால் ஸ்டீரியோவில் ஆழம் வரும். தூரத்திலிருந்து ஒரு பதிவு, அருகிலிருந்து ஒரு பதிவு, பரிசல் துடுப்பு நீரில் இறங்குவது ஒரு பதிவு என்று மூன்று எடுங்கள். ட்ரோன் அருவியை நோக்கிப் போகும் ஷாட்டில் தூரத்துப் பதிவிலிருந்து அருகுப் பதிவுக்கு மெதுவாக மாற்றினால் பார்க்கிறவர் கூடவே பறப்பார். கருவிக்கு நீர் பாதுகாப்பு கிடையாது, சாரல் ஆகாது. பிளாஸ்டிக் பையில் போட்டால் பையின் சலசலப்புதான் பதிவாகும். காற்றைத் தடுக்கும் ரோமக் கவரைப் போட்டுச் சாரல் வராத திசையில் வைப்பதே வழி. ஈரமான கவரைப் பிழிந்து காயவைக்காமல் மறுபடி போட்டால் மேல் ஸ்தாயி மந்தமாகிவிடும்.

அந்த ரோமக் கவரைப் பற்றி: இது இல்லாமல் எச்1 எசென்ஷியலை வெளியில் எடுத்துப் போக வேண்டாம். பஞ்சு உறை வீட்டுக்குள் பேசுவதற்குத்தான். தொப்பூர் கணவாய் மேடு, வத்தல்மலை, கிருஷ்ணகிரி அணைக் கரை போன்ற திறந்த இடங்களில் பஞ்சு மட்டும் இருந்தால் காற்று குபுகுபுவென்று அடித்துப் பதிவைக் கெடுக்கும். மைக்கைச் சுற்றி நீள ரோமம் உள்ள, தளர்வான கவர் வேண்டும். கவர் துணி மைக்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் பாதிப் பயன்தான். அடி ஒலியை வெட்டும் லோ கட் வசதியைப் பேச்சுக்குப் போடலாம். மேளம், அருவி எடுக்கும்போது போடாதீர்கள், அடி ஒலி செத்துவிடும். அதை எடிட்டிங்கில் செய்துகொள்ளலாம்.

இப்போது குறைகள். முதலாவது, 32 பிட் ஃப்ளோட் என்றால் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை. பதிவு தாங்கும், மைக் தாங்காது. உள்மைக்கின் எல்லை 120 டெசிபெல். பம்பை, தப்பட்டைக்கு அரை மீட்டரில் வைத்தாலோ, பக்கத்தில் குண்டு வெடி போட்டாலோ மைக் தகடே உடைந்த ஒலியைத் தரும், அதை எடிட்டிங்கில் மீட்க முடியாது. மேளக்குழுவுக்கு 2 முதல் 3 மீட்டர் சரியான தூரம். தெருக்கூத்தில் முகவீணையின் வாய்க்கு நேராக வைக்காமல், மிருதங்கத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் நடுவே, சற்றுத் தாழ்வாக வைத்தால் பின்பாட்டும் சேர்ந்து கிடைக்கும். ஜெனரேட்டர் எந்தப் பக்கம் என்று பார்த்து, ரெக்கார்டரின் முதுகை அந்தப் பக்கம் திருப்பினால் கொஞ்சம் குறையும்.

இரண்டாவது, உடல் லேசான பிளாஸ்டிக். தொட்டால், உரசினால், கட்டிய கம்பு அதிர்ந்தால் எல்லாம் பதிவாகும். எருது விடும் விழாவில் தடுப்புக் கட்டையில் நேராகக் கட்டினால் ஒவ்வொருவர் ஏறி இறங்குவதும் இடி மாதிரி கேட்கும், சலங்கைச் சத்தம் அதற்கடியில் போய்விடும். சின்ன ட்ரைபாடில் திருகி, ட்ரைபாடின் கால்களுக்கு அடியில் இரண்டு அங்குல ஸ்பாஞ்சு வைத்து, கூட்டம் கை வைக்காத இடத்தில் நிறுத்த வேண்டும். பொத்தான் பூட்டும் ஹோல்ட் நிலைக்குத் தள்ளிவிட மறக்காதீர்கள். மாட்டுக்கு மேலே தாழ்வாக ட்ரோன் பறக்கவே கூடாது; மிரளும் மாடு கூட்டத்துக்குள் திரும்பும்.

மூன்றாவது, அமைதியான இடங்களில் கருவியின் சொந்த ஹிஸ் கேட்கும். வத்தல்மலையில் விடியற்காலைப் பறவைச் சத்தத்தை எடுத்து அளவை உயர்த்தினால் அடியில் ஸ்ஸ் என்று ஒரு படலம் இருக்கும். அந்த வகை வேலைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் இந்தக் கருவி போதாது. தரமான வெளி மைக்கும் நல்ல ப்ரீஆம்பும் (மைக் சிக்னலைப் பெருக்கும் சுற்று) உள்ள பெரிய ரெக்கார்டருக்குப் போக வேண்டும். கல்யாணம், திருவிழா, சந்தைக்கு இந்த ஹிஸ் ஒரு பொருட்டே இல்லை.

மண்டபத்திலும் கோயில் மேடையிலும் சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சரிலிருந்து நேராக எடுப்பது உண்டு. ரெக் அவுட் என்ற ஆர்சிஏ துளையிலிருந்து 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஒயர் போட்டால் பாதுகாப்பு. ஸ்பீக்கருக்குப் போகும் மெயின் அவுட்டிலிருந்து எடுத்தால் வரும் மின்னளவு அதிகம்; உள்ளீட்டுச் சுற்றிலேயே உடைந்தால் 32 பிட் காப்பாற்றாது. வெளி மைக்குக்கு மின்சாரம் தரும் ப்ளக் இன் பவர் அணைந்திருக்கிறதா என்றும் மெனுவில் பாருங்கள். இன்னொன்று, வெளி ஒயர் செருகினால் உள்மைக் வேலை செய்யாது. மிக்சர் ஒலி மட்டும் கேட்டால் மண்டபமே காலியாக இருப்பது போல இருக்கும், ஆகவே கூட்டத்தின் சத்தத்துக்கு வேறொரு கருவி, போனாக இருந்தாலும் சரி, ஓடட்டும்.

எடிட்டிங்கில் ஒரு எச்சரிக்கை. கோப்பைத் திறந்தவுடன் அலைவடிவம் மேலும் கீழும் வெட்டுப்பட்ட மாதிரித் தெரிந்தால் பதறாதீர்கள். கெய்னை (ஒலி அளவை) இறக்கினால் முழு வடிவம் வெளிவரும். சில மொபைல் எடிட்டிங் ஆப்கள் 32 பிட் ஃப்ளோட் வேவ் கோப்பை ஏற்காது. அப்போது கணினியில் இலவச ஆடாசிட்டியில் திறந்து, முதலில் அளவை இறக்கி, பிறகு 24 பிட் வேவாக வெளியே எடுங்கள். இறக்காமல் மாற்றினால் மேலே இருந்ததெல்லாம் அங்கேயே வெட்டுப்படும், இந்தக் கருவி வாங்கியதன் பயன் போய்விடும். ட்ரோன் முனகல் மிச்சமிருந்தால் டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வாய்ஸ் ஐசொலேஷன் பேச்சுக்கு நன்றாக உதவும். நாதஸ்வரத்துக்கும் மேளத்துக்கும் அதைப் போடவே கூடாது. குரல் அல்லாததையெல்லாம் அது குப்பை என்று எடுத்துக்கொள்ளும்.

நடந்துகொண்டே பேசுகிறவரை ட்ரோன் பின்தொடர வேண்டும், உதாரணமாக மாந்தோப்புக்காரர் மரங்களுக்கு நடுவே விளக்கிக்கொண்டு போகிறார் என்றால் எச்1 எசென்ஷியல் சரிவராது. காலர் மைக்தான். அதிலும் டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் வகை வேண்டும். டிஜேஐ மைக் 2 டிரான்ஸ்மிட்டரில் 8 ஜிபி நினைவகம், 32 பிட் ஃப்ளோட் உள்பதிவு, ஒரு சார்ஜில் சுமார் 6 மணி நேரம். ரிசீவரையே மறந்துவிட்டு டிரான்ஸ்மிட்டரை மட்டும் சட்டையில் மாட்டி அனுப்பலாம். அதே நிறுவனத்தின் விலை குறைந்த மைக் மினி 10 கிராம்தான், பேட்டரியும் அதிகம், ஆனால் உள்பதிவு கிடையாது. ரிசீவர் இல்லாமல் இந்த வேலைக்கு உதவாது. ரிசீவரோடு எடுப்பவர்கள் அதை ட்ரோன் ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், மைக் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, ட்ரோனை 5.8க்கு மாற்றிவிட்டால் இரண்டும் மோதாது.

டிஜேஐ ட்ரோன்களை ஓட்டும் டிஜேஐ ஃப்ளை ஆப்பில் போன் மைக் வழியாக ஒலி பதியும் வசதியும் இருக்கிறது. அது ஓட்டுகிறவர் நிற்கும் இடத்துச் சத்தம், போனில் சேமிக்கும் சிறிய வீடியோவோடு மட்டும் வரும். கார்டில் உள்ள அசல் கோப்பில் இருக்காது. வான்வழி வரும் படம் சற்றுத் தாமதம் என்பதால் உதடும் ஒலியும் சில பிரேம் விலகலாம். குறிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், வேலைக்கு ஆகாது. 2024இல் வந்த டிஜேஐ நியோ ட்ரோனில் போன் மைக் அல்லது மைக் 2 ஒலியிலிருந்து ப்ராப் சத்தத்தை ஆப்பே நீக்கித் தருகிறது. இரண்டு மூன்று மீட்டரில் பறந்து ஒருவர் பேசுவதை எடுக்க அது நல்ல வசதி, மேளதாளத்துக்கு இல்லை.

அனுமதி விஷயத்தில் சுருக்கமாக: அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள ட்ரோன் வரைபடத்தில் இடம் பச்சையா மஞ்சளா சிவப்பா என்று பார்க்காமல் ஏற்றாதீர்கள். ஓசூரில் விமான ஓடுதளம் இருக்கிறது, அதைச் சுற்றி வேலை எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் பக்கம் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் காப்புக்காடும் வருகின்றன. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் கூடாது. யானை நடமாடும் காடு அது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை: பெட்டியில் மெமரி கார்டு வராது, நல்ல நிறுவனத்தின் 32 ஜிபி கார்டு தனியாக வாங்குங்கள். ரோமக் கவரும் தனிதான். ரீசார்ஜ் பேட்டரி போடுவதானால் மெனுவில் பேட்டரி வகையை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி அளவைத் தவறாகக் காட்டும். கடையிலேயே ஹெட்போன் மாட்டி, விரலால் சொடுக்கி, இடது வலது இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று கேட்டுவிட்டு, தேதி நேரத்தை ட்ரோனின் நேரத்தோடு ஒன்றாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நூறு கோப்பு சேர்ந்த பிறகு எது எந்தப் பறப்புக்கு என்று பிரிக்க அந்த நேரம்தான் உதவும்.